கார்டு பையாவிடம் எப்படிப் பேசுகிறாய்?

ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் எல்லாருடைய நாக்கும் இனிக்கத்தான் செய்யும். "ஸ்தோத்திரம் அக்கா", "நல்லாயிருக்கீங்களா ஐயா", "பிரைஸ் த லார்ட் பிரதர்." அதை வைத்து யாரையும் எடை போட முடியாது தங்கச்சி. ஆராதனை முடிந்து காலனிக்குத் திரும்பும்போது, கேட்டைத் திறக்க ஒரு நிமிஷம் தாமதித்த கார்டு பையாவிடம் என்ன சொன்னாய்? திங்கட்கிழமை காலையில் பாத்திரம் தேய்க்கப் பிந்தி வந்த பெண்ணிடம் எந்தக் குரலில் பேசினாய்? அதைச் சொல், உன் பேச்சில் கிறிஸ்து இருக்கிறாரா என்று நான் சொல்கிறேன். நம்மைத் திருப்பிக் கேட்க முடியாதவரிடம் நாம் பேசுகிற பேச்சுதான் நம்முடைய உண்மையான பேச்சு.

யாக்கோபு நிருபத்தின் 3ஆம் அதிகாரம் ஓய்வுநாள் பள்ளியிலேயே நமக்கு மனப்பாடம். குதிரைக்குக் கடிவாளம், கப்பலுக்குச் சுக்கான், காட்டைக் கொளுத்தும் சின்ன நெருப்பு எல்லாம் ஞாபகம் இருக்கும். ஆனால் அதே அதிகாரத்தில் அவர் கேட்கிற கடினமான கேள்வியை நாம் அதிகம் யோசிப்பதில்லை: தேவனைத் துதிக்கிற வாயாலேயே, அவர் சாயலில் உண்டான மனுஷரை எப்படிச் சபிக்கிறாய் என்கிறார். முந்தின அதிகாரத்தைத் திருப்பிப் பார். பொன்மோதிரம் போட்டுக்கொண்டு சபைக்குள் வருகிறவனுக்கு நல்ல இடம், அழுக்குத் துணியோடு வருகிற ஏழைக்குக் காலடியில் இடம் என்று நடத்தியவர்களை அங்கே கண்டிக்கிறார். இந்த இரண்டையும் அவர் அடுத்தடுத்து வைத்தது காரணத்தோடுதான் என்பது என் எண்ணம். நாவின் பாவம் பெரும்பாலும் ஆள் பார்த்துத்தான் வெளியே வருகிறது.

முதலில் 'ஆப்' பழகு

ஊரிலிருந்து டெல்லிக்கு வரும்போது நமக்கு இந்தி பாதி வரும், பாதி வராது. இங்கே நீ, நீங்கள் என்பதற்கு 'து', 'தும்', 'ஆப்' என்று மரியாதையில் மூன்று படி இருக்கிறது. எது யாருக்கு என்று யோசித்துக் குழம்பாதே. எல்லாருக்கும் 'ஆப்' போடு. வீட்டு வேலைக்கு வருகிறவர், இ-ரிக்‌ஷா ஓட்டுகிறவர், தள்ளுவண்டியில் காய் கொண்டுவருகிறவர், குப்பை எடுக்கிறவர், எல்லாருக்கும்தான். டெல்லிக்காரர்கள் சில பேர் 'து' என்று பேசுவதைக் கேட்டு நீயும் பிடித்துக்கொள்ளாதே. அவர்களுக்குள் உரிமையோடு சொல்வதும் உண்டு, மட்டம் தட்டிச் சொல்வதும் உண்டு. அந்த வித்தியாசம் நமக்குப் பிடிபட வருஷக்கணக்கில் ஆகும்.

வாக்கியத்தின் முடிவையும் கவனி. நிற்கச் சொல்ல "ருக்" என்பதற்குப் பதில் "ருக்கியே." கொடுக்கச் சொல்ல "தே" என்பதற்குப் பதில் "தே தீஜியே." ஆட்டோவை நிறுத்த "ஏ ஆட்டோ" வேண்டாம். "பையா, சலேங்கே?" (அண்ணா, வருவீர்களா?) என்று கேள். கூடுதலாக ஒரு விநாடிகூட ஆகாது. நம்மைவிட மூத்த பெண்ணுக்கு 'தீதி' அல்லது 'ஆன்ட்டிஜி', வயதான ஆணுக்கு 'அங்கிள்ஜி' அல்லது 'பாபுஜி.' நாம் ஊரில் அக்கா, அண்ணாச்சி, பெரியம்மா என்று முறை வைத்துக் கூப்பிட்டு வளர்ந்தவர்கள்தானே. இந்தி வராத கூச்சத்தில் அந்தப் பழக்கத்தை ரயிலிலேயே விட்டுவிட்டு வந்துவிடாதே.

மே, ஜூன் மாதத்தில் வெயில் 45 டிகிரியைத் தொடும். மதியம் மூன்று மாடி ஏறி கூரியர் கொண்டுவரும் பையன் ஓடிபி கேட்டால், கதவை அரைவாசி திறந்து எண்ணை ஒப்பித்துவிட்டுச் சாத்தாதே. "பானி பியேங்கே?" (தண்ணீர் குடிக்கிறீர்களா?) என்று ஒரு வார்த்தை கேள். பாதிப் பேர் வேண்டாம் என்றுதான் சொல்வார்கள். கேட்டது அவர்களுக்குப் போதும். குடிக்கிறேன் என்றால், ஃப்ரிட்ஜில் ஒரு பாட்டில் அதற்கென்றே தயாராக இருக்கட்டும்.

பாத்திரத்தைக் காட்டிப் பேசு

வேலைக்கு வருகிற பெண்ணிடம் குறையே சொல்லக் கூடாதா என்று கேட்பாய். சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். சொல்கிற முறை இருக்கிறது.

குக்கரில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் அந்தக் குக்கரை எடுத்துக் காட்டு. விரலால் தொட்டுக் காட்டி, "தீதி, இந்த ஓரத்தில் மட்டும் இன்னொரு தடவை தேய்த்துவிடுங்கள்" என்று சொல். அன்றைக்குத் தெரிந்த குறையை அன்றைக்கே, அதை மட்டும். போன மாதம் உடைந்த கண்ணாடி டம்ளரையும், தீபாவளிக்கு எடுத்த அதிகப்படி லீவையும் சேர்த்துக் கட்டி இறக்காதே. வீட்டுக்கு வந்திருக்கும் விருந்தாளி முன்னால் சொல்லாதே. உன் பிள்ளைகள் முன்னால் சொல்லவே சொல்லாதே, மறுநாள் அதே தொனியில் அவர்களும் பேசுவார்கள். "நீங்க எல்லாருமே இப்படித்தான்" என்ற வாக்கியம் உன் வாயில் வரவே கூடாது. அந்த 'எல்லாரும்' என்ற சொல்லில் அவருடைய ஊர், சாதி, மொழி எல்லாவற்றின் மேலும் சேற்றை வாரி இறைத்துவிடுகிறாய்.

இன்னொன்று. டெல்லியில் வீட்டு வேலை செய்கிற பெண்களில் ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள் நிறையப் பேர். உராவ், முண்டா, கரியா பழங்குடியினர். அவர்களில் பலர் நம்மைப் போலவே கிறிஸ்தவர்கள். கத்தோலிக்கர் உண்டு, லுத்தரன் உண்டு. நீ ஞாயிற்றுக்கிழமை புடவை கட்டிக்கொண்டு ஆராதனைக்குக் கிளம்பும்போது, உன் சிங்க்கில் நிற்கிற அந்தப் பெண்ணுக்கும் போக ஒரு சபை இருக்கலாம். கேட்டிருக்கிறாயா? வேலைக்குச் சேர்க்கும் அன்றே வார லீவைப் பேசி முடிவு செய். டிசம்பர் 25 யாருக்கு லீவு என்பதை 24ஆம் தேதி இரவு பேசாதே, முதல் வாரத்திலேயே நீயாகவே சொல்லிவிடு. கெஞ்சிக் கேட்கிற நிலையில் ஒருவரை நிறுத்தாமல் இருப்பதும் கனிவான பேச்சில் சேர்த்திதான்.

ஆண்ட்ரூஸ் கஞ்ச் வழியாகப் போகும்போது

தெற்கு டெல்லியில் ஆண்ட்ரூஸ் கஞ்ச் பஸ் ஸ்டாப்பைத் தாண்டிப் போகாதவர் இருக்க முடியாது. அது யார் பெயர் என்று தெரிந்துகொள். சார்லஸ் ஃப்ரீர் ஆண்ட்ரூஸ் என்ற ஆங்கிலேய மிஷனரி 1904இல் டெல்லி செயின்ட் ஸ்டீஃபன்ஸ் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். கல்லூரி அப்போது கஷ்மீரி கேட்டில் இருந்தது. 1906இல் முதல்வர் பதவி காலியானபோது ஆங்கிலேயரான இவரை அதில் அமர்த்தும் பேச்சு எழுந்தது. இவர் மறுத்தார். தனக்கு வெகு காலம் முன்பிருந்தே அங்கே பாடம் நடத்திவந்த சுசீல் குமார் ருத்ராதான் முதல்வராக வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். வெள்ளைக்காரர்கள் ஓர் இந்தியரின் கீழ் வேலை பார்ப்பதைக் கேவலமாக நினைத்த காலம் அது. ருத்ரா அந்தக் கல்லூரியின் முதல் இந்திய முதல்வரானார். 1915இல் காந்தி டெல்லிக்கு வந்தபோது தங்கியது அந்த ருத்ராவின் வீட்டில்தான்.

கனிவு என்றதும் நமக்கு மெல்லிய குரல்தான் ஞாபகத்துக்கு வருகிறது. ஆண்ட்ரூஸ் அதற்கு மேலே ஒரு படியைக் காட்டினார். அறையில் இல்லாத ஒருவருக்காக, தனக்கு நஷ்டம் வந்தாலும் பேசினார். உன் ஆபீஸ் மீட்டிங்கில் ஜூனியர் பெண்ணின் வேலைக்கு வேறொருவர் பெயர் வாங்கினால், "அது அவங்க செய்தது" என்று அங்கேயே சொல்லிவிடு. தனியே கூப்பிட்டு ஆறுதல் சொல்வதைவிட அது பெரிய உபகாரம்.

1914 ஜனவரியில் ஆண்ட்ரூஸ் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் கப்பலை விட்டு இறங்கினார். நம் தமிழ் ஜனங்கள் கூட்டங்கூட்டமாக ஒப்பந்தக் கூலிகளாய் உழைத்த நேட்டால் பகுதி அது. வரவேற்க வந்தவர்களில் காந்தி யார் என்று கேட்டு, குனிந்து அவர் பாதத்தைத் தொட்டார். ஒரு வெள்ளையர் இப்படிச் செய்யலாமா என்று அங்கிருந்த வெள்ளையர்கள் கொதித்தார்கள். ஒப்பந்தக் கூலி முறையை ஒழிக்க அவர் ஃபிஜி வரைக்கும் போனார். ஜனங்கள் அவருக்கு வைத்த பெயர் தீனபந்து, ஏழைகளின் நண்பர்.

இவ்வளவு பேர் சொல்கிற இந்தப் பெரிய கதைகளைவிட, அவர் எழுதிய ஒரு சின்னப் புத்தகம் எனக்கு அதிகம் பிடிக்கும். 'டெல்லியின் ஜகாவுல்லா', 1929இல் வந்தது. முன்ஷி ஜகாவுல்லா பழைய டெல்லியின் முஸ்லிம் அறிஞர், கணித ஆசிரியர், உருதுவில் ஏராளமாக எழுதியவர். அவருடைய கடைசி வருஷங்களில் ஆண்ட்ரூஸ் அவரிடம் போய் உட்கார்ந்து அந்தப் பழைய நகரத்தின் கதைகளைக் கேட்டார். கேட்டதையெல்லாம் பிற்பாடு மரியாதையோடு எழுதி வைத்தார். சுவிசேஷம் சொல்ல வந்த மிஷனரி, வேறு மதத்துப் பெரியவர் ஒருவரின் பேச்சை அத்தனை பொறுமையாய்க் கேட்டிருக்கிறார். பக்கத்து வீட்டு பஞ்சாபி ஆன்ட்டிஜி பிரிவினையின்போது லாகூரிலிருந்து வந்த தன் அம்மாவின் கதையை நாலாவது தடவை சொன்னால், போனைக் கீழே வைத்துவிட்டுக் கேள். பதிலுக்கு உன் சாட்சியை எடுத்துவிட வேண்டும் என்று வாய்ப்புப் பார்த்துக்கொண்டே கேட்காதே, அது அவருக்குத் தெரிந்துவிடும். நம் நம்பிக்கையைப் பற்றி யாராவது கேட்டால் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்லச் சொல்கிறார் பேதுரு தன் முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்தில். பக்கத்து வீட்டார் கும்பிடுகிற தெய்வத்தைப் பற்றி ஒரு கீழான சொல்கூட நம் வீட்டுச் சமையலறைக்குள்ளேயும் வரக் கூடாது.

லாஜ்பத் நகரை மறக்காதே

தமிழர்களை 'மதராசி' என்று கேலி செய்தால் நமக்குச் சுருக்கென்று இருக்கிறது. மெட்ரோவில் மணிப்பூர், நாகாலாந்து, மிசோரம் பிள்ளைகளைப் பார்த்து முகத்தைப் பற்றி ஒரு சொல் சொல்கிறார்களே, அது நம் தமிழர் வாயிலும் வருகிறது. நம் சபை வாலிபர் வாயிலும் வருகிறது. என் நெஞ்சு பதறுகிற விஷயம் இது.

2014 ஜனவரி 29 அன்று லாஜ்பத் நகரில், அருணாச்சலப் பிரதேசத்திலிருந்து வந்த நிதோ தானியம் என்ற மாணவர் முகவரி விசாரிக்க ஒரு கடைக்குப் போனார். அவருடைய தலைமுடியையும் தோற்றத்தையும் அங்கிருந்தவர்கள் கேலி செய்தார்கள். அதிலிருந்து தகராறு, அடிதடி. மறுநாள் அந்தப் பிள்ளை இறந்துவிட்டான். ஒரு கேலியில் ஆரம்பித்தது. அதன்பிறகு மத்திய அரசு எம்.பி. பெஸ்பருவா தலைமையில் குழு அமைத்தது, அந்தக் குழு அதே வருஷம் ஜூலையில் அறிக்கை கொடுத்தது. டெல்லி போலீஸில் வடகிழக்கு மாநிலத்தவருக்கென்று தனிப் பிரிவும் 1093 என்ற உதவி எண்ணும் வந்தன. சட்டமும் எண்ணும் அவசியம்தான். ஆனால் கேலி பிறக்கிற இடம் நம் சாப்பாட்டு மேஜை.

அதனால் வீட்டில் யாராவது அந்தச் சொல்லைச் சொன்னால் சிரித்து மழுப்பாதே. "அப்படிச் சொல்லாதீங்க, எனக்குப் பிடிக்கலை" என்று உடனே சொல், மாமனாராக இருந்தாலும் சரி. உன் அலுவலகத்தில் வடகிழக்குப் பெண் இருந்தால் "உங்க ஊர் சைனாவா?" என்று தொடங்காதே, ஊர் பெயரைக் கேள், அது எந்த மாநிலம் என்று தெரிந்து வைத்துக்கொள். அவர்களில் நிறையப் பேர் ஞாயிற்றுக்கிழமை தங்கள் மொழியில் பாடி ஆராதிக்கிறவர்கள். டெல்லியில் பல ஆலயங்களில் ஒரே கட்டடத்தில் காலையில் ஒரு மொழி, அடுத்த வேளையில் இன்னொரு மொழி என்று ஆராதனை நடக்கிறது. முந்தின சபையார் முடிக்கப் பத்து நிமிஷம் பிந்தினால் வாசலில் நின்று கடிகாரத்தைத் தட்டிக் காட்டுகிறவர்கள் நம்மிலும் உண்டு. உள்ளே நடப்பதும் ஆராதனைதான் தங்கச்சி.

ஜெபக் குறிப்பு என்ற பெயரில்

"ஜெபத்துல வச்சுக்கோங்க, வெளியே சொல்லாதீங்க, இன்னார் மகள் விஷயம்..." இப்படி ஆரம்பிக்கிற பேச்சை நீயும் கேட்டிருப்பாய். புறங்கூறுதல் நம் சபைகளுக்குள் நுழைகிற பெரிய வாசல் இதுதான். வெளியே இருந்து வருகிற எந்தப் பகையையும்விட இது சபையை அதிகம் உடைக்கிறது.

உனக்கு மூன்று கேள்வி தருகிறேன். இந்த விஷயத்தை நான் சொல்வது சம்பந்தப்பட்டவருக்குத் தெரியுமா? தெரிந்தால் சம்மதிப்பாரா? பெயரைச் சொல்லாமலே ஜெபிக்க முடியுமா? கடைசிக் கேள்விக்குப் பதில் எப்போதும் 'முடியும்' என்பதுதான். ஆண்டவருக்கு விலாசம் சொல்ல வேண்டியதில்லை. வேறொருவர் உன்னிடம் ஆரம்பித்தால் குத்திக் காட்டாமல் நிறுத்த ஒரு வழி இருக்கிறது: "வாங்க, இப்பவே ஒரு நிமிஷம் ஜெபிச்சுடுவோம்" என்று கண்ணை மூடிவிடு. ஜெபிக்க வந்தவர் ஜெபிப்பார், கதை சொல்ல வந்தவருக்கு அதற்கு மேல் பேச்சு ஓடாது. ஒருவர் மேல் குறை இருந்தால் முதலில் தனியே அவரிடமே போய்ச் சொல்லச் சொல்கிறது மத்தேயு 18ஆம் அதிகாரம். நாம் கடைசியாகத்தான் அவரிடம் போகிறோம், அதற்குள் வாட்ஸப் குரூப் முழுக்கத் தெரிந்துவிடுகிறது. குரூப்பில் யாரையும் திருத்தாதே. வாய்ஸ் நோட்டைக் கோபத்தில் அனுப்பாதே. அவ்வளவுதான் இதற்கு.

எய்ம்ஸ் வாசலில்

சபையிலிருந்து ஆஸ்பத்திரி சந்திப்புக்குப் போகிற பெண்கள் கட்டாயம் இதை வாசிக்க வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து இரண்டு இரவு ரயிலில் வந்து எய்ம்ஸிலும் சப்தர்ஜங்கிலும் காத்திருக்கிற குடும்பங்கள் எப்போதும் உண்டு. மொழி தெரியாது, தங்க இடம் கிடைக்காது, எந்தக் கவுண்டரில் சீட்டு வாங்குவது என்றும் தெரியாது. அங்கே போய், "இவ்வளவு முத்துற வரைக்கும் என்ன பண்ணிட்டிருந்தீங்க?" என்று கேட்காதே. "விசுவாசம் வேணும்மா" என்றும் சொல்லாதே, அது அந்தத் தாயின் மேல் பழியைப் போடுவது. "எல்லாம் தேவசித்தம்" என்பதை அவர்கள் தாங்களாகச் சொன்னால் தலையசை, நீ எடுத்துக் கொடுக்காதே. பிறவிக் குருடனைப் பார்த்து இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் அல்ல, இவனைப் பெற்றவர்களும் அல்ல என்ற கருத்தில்தான் இயேசு பதில் சொன்னார்.

யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அவர்கள் செய்ததிலேயே அதுதான் நல்ல காரியம். வாயைத் திறந்த பிறகுதான் அவரை நோகடித்தார்கள். நீ போனால் முதலில் "சாப்பிட்டீங்களா?" என்று கேள். அப்புறம் "இந்தச் சீட்டைக் காட்டுங்க, எந்தக் கவுண்டர்னு இந்தியில நான் கேட்டுச் சொல்றேன்." ஜெபத்தைச் சுருக்கமாக, பக்கத்துக் கட்டில் நோயாளி எழுந்துவிடாத குரலில் செய். கிளம்பும்போது "எதுவும் வேணும்னா கூப்பிடுங்க" என்று பொதுவாகச் சொல்லாதே, யாரும் கூப்பிட மாட்டார்கள். "வியாழக்கிழமை காலையில இட்லி கொண்டுவரேன், எத்தனை பேருக்கு?" என்று சொல். சொன்னால் வியாழக்கிழமை போய் நில்.

கனிவு என்றால் பயம் இல்லை

பிரதான ஆசாரியன் முன்னால் ஒரு சேவகன் இயேசுவைக் கன்னத்தில் அறைந்தான். அவர் அவனைச் சபிக்கவில்லை, பேசாமலும் இருக்கவில்லை. நான் தப்பாகப் பேசியிருந்தால் அதைக் காட்டு, சரியாகப் பேசியிருந்தால் ஏன் அடிக்கிறாய் என்று நேராகக் கேட்டார். யோவான் 18ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்.

பஸ்ஸில் ஒருவன் உரசினால் அங்கே 'ஆப்' வேண்டாம், சத்தமாகக் கத்து. 112ஐ அழை. மீட்டருக்கு மேல் கேட்கிற ஆட்டோக்காரரிடம் "பையா, மீட்டர் சே சலியே, நஹீ தோ ரஹ்னே தீஜியே" (மீட்டர்படி வாருங்கள், இல்லையென்றால் வேண்டாம்) என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடு. திட்டவும் வேண்டாம், கெஞ்சவும் வேண்டாம்.

இதைவிட முக்கியம் வீட்டுக்குள். புருஷன் கை நீட்டுகிறான் என்று அழுதுகொண்டு வருகிற பெண்ணிடம், "நீ கொஞ்சம் சாந்தமாப் பேசிப் பாரும்மா" என்று புத்தி சொல்கிற பெரியவர்கள் சபைகளில் இருக்கிறார்கள். நாவை அடக்கு என்ற வேத வசனத்தை அடிபடுகிறவள் வாயைப் பூட்ட எடுக்கிறார்கள். அப்படிச் சொல்லும் உரிமை யாருக்கும் கிடையாது. அவளிடம் சொல்ல வேண்டிய கனிவான சொற்கள்: "உன் மேல் தப்பு இல்லை. இன்றைக்கு ராத்திரி எங்க வீட்டில் இரு. 181க்கு நான் உன்கூட இருந்து பேசுகிறேன்."

மன்னிப்புக் கேட்கும் முறை

"ஸாரி, ஆனா நீங்களும்..." என்று ஆரம்பித்தால் அது மன்னிப்பு ஆகாது. எதைச் சொன்னாயோ அதைப் பெயர் சொல்லிக் கேள்: "நேத்து எல்லார் முன்னாலயும் உங்களைச் சோம்பேறின்னு சொன்னேன். அது தப்பு. மன்னிச்சுக்கோங்க." பிறகு நிறுத்து. எல்லார் முன்னாலும் பேசியிருந்தால் எல்லார் முன்னாலும்தான் கேட்க வேண்டும். வேலைக்கு வருகிற பெண்ணிடம் கேட்க நேர்ந்தால், சம்பளத்தோடு நூறு ரூபாய் சேர்த்துக் கொடுத்துச் சமாளிக்காதே, வாயால் கேள்.

தென்னிந்தியத் திருச்சபை 1947இல் உருவானபின், 1950இல் வந்த அதன் திருவிருந்து ஆராதனை முறையில், ஒருவர் கையை ஒருவர் பற்றிச் சமாதானம் கொடுப்பது மறுபடி இடம்பெற்றது. நம் ஊர் சபையில் அதைச் செய்துதான் வளர்ந்தோம். இங்கே டெல்லியில் நீ எந்தச் சபையில் சேர்ந்திருந்தாலும் சரி, பேச்சுவார்த்தை இல்லாத ஒருவர் இருக்கிறார் என்றால் திருவிருந்து ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமையே போன் போட்டுவிடு. காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்று ஆண்டவர் சொன்னதற்கு, வாட்ஸப்பில் கை கூப்பும் படம் அனுப்புவது ஈடாகாது.

டிசம்பர் வந்தால்

கேரல் ரவுண்ட்ஸ் சமயம் ஒரு சின்னக் காரியம். டெல்லிக் குளிரில் ஒன்பது மணிக்கெல்லாம் அக்கம்பக்கத்தார் ரஜாய்ப் போர்வைக்குள் போய்விடுவார்கள். நம் குழுவோ வேனில் நாலு காலனி சுற்றிவிட்டு உன் வீட்டுக்கு வர நேரமாகும். இரவு 10 மணிக்கு மேல் ஒலிபெருக்கி வைக்கச் சட்டம் அனுமதிப்பதில்லை, டோலக்கும் கிட்டாரும் மட்டும் என்றாலும் சத்தம் சத்தம்தான். இரண்டு நாள் முன்னாலேயே மேல்வீடு, கீழ்வீடு, எதிர்வீடு மூன்றுக்கும் நீயே நேரில் போ. "ஆன்ட்டிஜி, வெள்ளிக்கிழமை ராத்திரி எங்க சர்ச்சிலிருந்து பாட வருகிறார்கள், கால்மணி நேரம் ஆகும். குழந்தைக்கு, அங்கிள்ஜிக்கு இடைஞ்சலாக இருக்குமா?" என்று கேள். பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை இருக்கிறது, முடியாமல் படுத்திருக்கிறவர் இருக்கிறார் என்றால் குழுத் தலைவருக்குப் போன் செய்து, உன் வீட்டை முதல் வீடாக, ஏழு மணிக்கே வைக்கச் சொல். பாட்டை உள்ளே வைத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்து. கேக்கைக் கொடுக்கப் போகும்போது முட்டை சேர்த்ததா இல்லையா என்று அவர்கள் கேட்கும் முன் நீயே சொல்லிவிடு.